அமெரிக்க வானொலியில் 'பழைய பாடல்' என்றால் எது?

க்ளீவ்லாந்துக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது, வேலைக்குப் போய்வரும் ஒன்றரை மணி நேரமும் கார் வானொலிதான் துணை என்கிறீர்கள். உங்கள் கேள்விகள் மூன்று. 'ஓல்டீஸ்' நிலையம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்ன அலைவரிசையில் 1980களின் பாடல்களே வருகின்றன. 1950களும் 60களும் எங்கே போயின? அதே பாடலை மாதத்துக்கு மூன்று நான்கு முறை கேட்க நேர்வது ஏன்? 'உங்கள் ஊரின் நிலையம்' என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள், ஆனால் ஊரைப் பற்றி ஒரு செய்தியும் காதில் விழவில்லையே, அது எப்படி?

நான் இந்த ஒஹாயோ மாநிலத்துக்கு வந்தது 1997இல். வாங்கிய முதல் பழைய காரில் வேலை செய்த ஒரே வசதி வானொலிதான். அந்தப் பழக்கம் முற்றி, பிறகு ஒரு கல்லூரி வானொலியில் பதினோரு ஆண்டுகள் சனிக்கிழமைக் காலைகளில் சம்பளமில்லாமல் பழைய பாடல் நிகழ்ச்சி நடத்தினேன். நீங்கள் நான்கு மாதத்தில் கேட்டதை நான் கேட்கவே நான்கு வருடம் ஆனது. அதனால் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் விடை உண்டு. அமெரிக்க வானொலியில் 'பழைய பாடல்' என்பது பாட்டின் வயதைக் குறிப்பதில்லை. கேட்பவரின் வயதைக் குறிக்கிறது. வணிக வானொலி வாழ்வது விளம்பரத்தால். விளம்பர நிறுவனங்கள் நெடுங்காலமாகத் தேடுவது 25 முதல் 54 வயது வரையுள்ள நேயர்களை. மனிதருக்குத் தம் பதின்வயதில் கேட்ட பாட்டுத்தான் கடைசிவரை ஒட்டிக்கொள்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1962இல் 14 வயதாக இருந்தவர் 1948இல் பிறந்தவர். அவருக்கு 2003இல் 55 வயது. அந்த ஆண்டு அவர் விளம்பரக்காரரின் கணக்கேட்டிலிருந்து வெளியேறினார். அவரோடு அவருடைய பாட்டும் வெளியேறியது. 2025இல் 54 வயதானவர் 1971இல் பிறந்தவர். அவருக்கு 14 வயதானபோது ஆண்டு 1985. நீங்கள் காரில் கேட்பது அவருடைய பள்ளிப் பருவத்தை. இன்னும் சில ஆண்டுகள் இங்கேயே இருந்தால் அதே நிலையத்தில் 1990களின் இறுதிப் பாடல்கள் மெல்ல நுழைவதையும் கேட்பீர்கள். பல இடங்களில் ஏற்கெனவே நுழைந்துவிட்டன.

'ஓல்டீஸ்' என்ற பெயரே இதனால்தான் மறைந்துகொண்டு வந்தது. 2000களில் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தம்மைக் 'கிளாசிக் ஹிட்ஸ்' என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கின. 'பழைய' என்ற சொல்லைக் கேட்டாலே வயதான நேயர்கள் என்று விளம்பரதாரர் முடிவுகட்டிவிடுவார் என்பது அவர்களுடைய அச்சம். உங்கள் அலுவலக நண்பர் ஓல்டீஸ் என்று சொன்னாரே, அவர் அநேகமாக ஐம்பதைத் தாண்டியவராக இருப்பார். நிலையம் அந்தச் சொல்லைக் கைவிட்டாலும் மக்கள் கைவிடவில்லை.

இந்தக் கணக்கு முரட்டுத்தனமாக நடந்த ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் 101.1 அலைவரிசையிலுள்ள டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். 1972 ஜூலையிலிருந்து பழைய பாடல்களுக்கென்றே நடந்த நிலையம். 1960களில் நியூயார்க் இளைஞர்களைக் கட்டிப்போட்ட அறிவிப்பாளர்கள், நரைத்த பின்பு அங்கே வந்து சேர்ந்து அதே நேயர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். 'கசின் புரூஸி' என்று ஊரே உறவு கொண்டாடிய புரூஸ் மாரோ அவர்களில் ஒருவர். 2005 ஜூன் 3 அன்று மாலை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அந்த நிலையம் 'ஜாக்' என்ற புதிய வகைக்கு மாற்றப்பட்டது. அறிவிப்பாளரே இல்லாமல், கலந்துகட்டிய பாடல்களை ஓடவிடும் வகை அது. அதே நாளில் சிகாகோவின் பழைய பாடல் நிலையம் ஒன்றும் ஜாக் ஆனது. முப்பத்து மூன்று ஆண்டுப் பழக்கம் ஒரு மாலையில் அறுந்தது. நியூயார்க் நேயர்கள் புதிய நிலையத்தை ஏற்கவில்லை. கேட்போர் எண்ணிக்கை சரிந்தது. 2007 ஜூலை 12 அன்று, 101.1க்குப் பொருத்தமாகப் பிற்பகல் 1.01 மணிக்கு, பழைய நிலையம் திரும்பி வந்தது. ஆனால் திரும்பி வந்தது பழைய ஓல்டீஸ் அல்ல, கிளாசிக் ஹிட்ஸ். 1950களின் பாட்டுகள் ஏறக்குறைய வெளியிலேயே நின்றுவிட்டன. நேயர்களின் பிடிவாதத்தால் ஒரு நிலையத்தை மீட்க முடிந்தது. காலத்தை மீட்க முடியவில்லை.

நீங்கள் இருக்கும் ஊருக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. 1951இல் க்ளீவ்லாந்தின் டபிள்யூ.ஜே.டபிள்யூ. நிலையத்தில் இரவு நேரத்தில் ஆலன் ஃப்ரீட் என்ற அறிவிப்பாளர் கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைத் தொடர்ந்து ஒலிபரப்பினார். ராக் அண்ட் ரோல் என்ற பெயரை நாடெங்கும் பரப்பியவர் அவர். 1952 மார்ச் 21 அன்று க்ளீவ்லாந்து அரீனாவில் அவர் ஏற்பாடு செய்த நடன இரவுக்கு அரங்கம் தாங்காத கூட்டம் திரண்டு, நிகழ்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டது. உலகின் முதல் ராக் இசை நிகழ்ச்சி என்று பலரும் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஏரிக்கரையில் நிற்கும் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகம் 1995இல் இந்த ஊரில் திறக்கப்பட்டதற்கு அந்த வரலாறும் ஒரு காரணம். ஒரு தலைமுறை இசை எந்த ஊரின் வானொலியிலிருந்து நாடெங்கும் பரவியதோ, அதே ஊரில் மாலை ஆறு மணிக்கு வண்டியோட்டிக்கொண்டே அதைத் தேடினால் முக்கிய எஃப்.எம். நிலையங்களில் கிடைப்பதில்லை. எனக்கு இது சிறிய விஷயமாக ஒருபோதும் பட்டதில்லை.

'ஓல்டீஸ்' என்ற சொல்லின் பிறப்பையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வியப்பு இருக்கிறது. 1925இல் யூட்டாவில் ஆர்மீனியக் குடும்பமொன்றில் பிறந்த ஆர்ட் லபோ, லாஸ் ஏஞ்சலிஸில் அறிவிப்பாளராக இருந்தார். 1950களில் இளைஞர்கள் காரோடு வந்து கூடும் ஓர் உணவகத்திலிருந்து நேரலையாக நிகழ்ச்சி நடத்தி, வருகிறவர்களிடம் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்பார். புதுப் பாட்டைக் கேட்க வேண்டிய வயதுக்காரர்கள், சில ஆண்டுகளுக்கு முன் வந்துபோன பாட்டைக் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் அதைக் குறித்துவைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் 1959இல் அவர் வெளியிட்ட 'ஓல்டீஸ் பட் குடீஸ்' என்ற தொகுப்பு இசைத்தட்டு. அதிலிருந்த பாடல்கள் பெரும்பாலும் சில ஆண்டுப் பழையவை, அவ்வளவுதான். பதினேழு வயதுக்காரருக்குப் பதின்மூன்று வயதில் கேட்ட பாட்டே பழைய பாட்டு. ஆகவே, அந்தச் சொல் பிறக்கும்போதே கேட்பவரின் வயதை வைத்துத்தான் பிறந்தது. பின்னால் வந்த விளம்பரக் கணக்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

லபோவை இன்னும் கொஞ்சம் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரச் சட்டம் பதின்வயதினரின் நடன நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடு போட்டிருந்ததால், நகர எல்லைக்கு வெளியே எல் மாண்டேவில் அவர் நிகழ்ச்சிகள் நடத்தினார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மெக்சிகோ வழிவந்தவர்களும் ஒரே தளத்தில் ஆடினார்கள். 1950களில் அது எளிய காரியமில்லை. பிற்காலத்தில் அவருடைய வானொலி நிகழ்ச்சி முழுக்க முழுக்க நேயர் விருப்பம். நம் ஊர் நேயர் விருப்பத்தில் பெயர்ப் பட்டியல் வாசிப்பார்களே, அதைவிட நெருக்கமானது. சிறையிலிருக்கும் கணவனுக்காக மனைவி அழைப்பார், அப்பாவுக்காகக் குழந்தை அழைக்கும். லபோ அவசரப்படுத்தாமல் பேசவிட்டு, பிறகு மெதுவான ஒரு பழைய காதல் பாட்டைப் போடுவார். அந்தப் பாட்டு கேட்கும் நேரத்தில் சிறைக்குள் ஒருவர் காதோடு வானொலியை வைத்திருப்பார் என்பது இருபுறமும் தெரியும். லபோ 2022 அக்டோபரில் 97 வயதில் மறைந்தார். மறைவதற்கு முன் அவர் பதிவு செய்துவைத்திருந்த கடைசி நிகழ்ச்சி அந்த ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பானது. பழைய பாட்டு எதற்காக என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாடல்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயலோ சோம்பலோ இல்லை, திட்டமிட்ட ஏற்பாடு. இதன் வேர் 1950களில் ஒமாஹாவில் நிலையம் நடத்திய டாட் ஸ்டார்ஸ் என்பவரிடம் இருக்கிறது. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் மக்கள் புதிது புதிதாகத் தேடாமல் பிடித்த அதே சில பாடல்களையே போட்டுக் கேட்பதைக் கண்டு, வானொலியும் அப்படியே நடக்கலாம் என்று முடிவு செய்தவர்களில் அவர் முதன்மையானவர். 'டாப் 40' வானொலி அங்கிருந்து கிளைத்தது. பழைய பாடல் நிலையங்கள் அதையே பழைய பாடல்களுக்குப் பொருத்தின.

எந்தப் பாடல் உள்ளே, எது வெளியே என்பதை முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. விளம்பர வயதுக்குள் இருக்கும் நேயர்களை ஓர் அரங்கில் உட்காரவைத்து, பாடலின் மிகவும் தெரிந்த பகுதியை ஏழு பத்து நொடிகள் மட்டும் ஒலிக்கவிடுவார்கள். இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். பத்து நொடியில் அடையாளம் தெரியாத பாட்டு தோற்றுவிடும். எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும், மூன்றாவது சரணத்தில்தான் நெஞ்சைத் தொடும் என்றாலும், தோற்றதுதான். இந்தச் சல்லடையில் மிஞ்சுவது சில நூறு. பிறகு அந்தச் சில நூறை எந்த மணிக்கு எது என்று கணினி அடுக்குகிறது. 1979இல் தொடங்கிய ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் 'செலக்டர்' என்ற மென்பொருள் இதில் முன்னோடி. ஒரே பாடகரின் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வராமலும், நேற்று இதே நேரத்தில் வந்தது இன்று வராமலும் அது பார்த்துக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். 400 பாடல்கள், மணிக்கு 12 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 288. முழுப் பட்டியலும் சுமார் 33 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆனால் எல்லாப் பாட்டுக்கும் சம வாய்ப்பு இல்லை. சோதனையில் முன்னால் நின்ற நூறுக்கு மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு முறை கிடைக்கும். வாரத்துக்கு ஏழரை மணி நேரம் காரில் கேட்கும் உங்கள் காதில் மாதத்துக்கு ஏறக்குறைய 360 பாடல் விழுகிறது. சில பாட்டு மூன்று நான்கு முறை வந்து நிற்பதில் வியப்பில்லை. 2007இலிருந்து இன்னொரு கருவியும் வந்துவிட்டது. நேயர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய பெட்டி, எந்த நிலையம் காதில் விழுகிறது என்பதை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்கிறது. தெரியாத பாட்டு வந்ததும் மக்கள் வேறு நிலையத்துக்குத் தாவுவது அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நிலையங்கள் இன்னும் பயந்துபோயின.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனை அளப்பது பழக்கத்தை மட்டும்தான், அன்பை அளக்கவில்லை. என் சனிக்கிழமை நிகழ்ச்சியில் அதிகத் தொலைபேசி அழைப்புகள் வந்தது எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்கு இல்லை. இசைத்தட்டின் மறுபக்கத்தில் கிடந்த, 1961க்குப் பிறகு யாரும் ஒலிபரப்பாத பாட்டுக்குத்தான். 'இதை என் கல்யாணத்தில் வாசித்தார்கள், அதன்பின் இன்றுதான் கேட்கிறேன்' என்று ஒரு மூதாட்டி அழைத்துச் சொன்னார். அவர் எழுபதைத் தாண்டியவர். எந்த அரங்கச் சோதனையும் அவரை அழைக்காது.

சங்கடமான ஒரு விவரத்தையும் இங்கேயே சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்காவில் தரைவழி வானொலி ஒலிபரப்பும் பாட்டுக்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இல்லை. இணையத்திலும் செயற்கைக்கோள் வானொலியிலும் பாடியவருக்கும் உண்டு. பழைய பாட்டைப் பாடிய முதிய கலைஞர்கள் பலருக்கு இது ஆறாத மனக்குறை.

இனி 'உங்கள் ஊரின் நிலையம்' என்ற பேச்சு. 1996 பிப்ரவரி வரை ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 20 ஏ.எம்., 20 எஃப்.எம். நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தேசிய வரம்பை நீக்கியது. பெரிய நகரம் ஒன்றிலேயே ஒருவர் எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் நிறுவனம் ஏறத்தாழ 1,200 நிலையங்களைச் சேர்த்துவிட்டது. இன்று அதன் பெயர் ஐஹார்ட் மீடியா. வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. பெருநிறுவனங்களில் க்யூமுலஸ் 2017இலும், ஐஹார்ட் 2018இலும், ஆடசி 2024இலும் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போயின. கடனைக் கட்ட முதலில் குறைத்தது மனிதர்களை. உங்கள் காரில் பிற்பகலில் பேசும் குரல் பெரும்பாலும் வேறொரு நகரத்தில், பல ஊர்களுக்குச் சேர்த்து, முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது. நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சை அரை மணிக்குள் பதிவு செய்துவிடலாம். அவருக்கு க்ளீவ்லாந்தில் பனி கொட்டுகிறதா என்று தெரியாது. பேசுபவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்கு பேரின் வேலை ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது.

நிலையத்தின் பெயரைச் சேர்ந்திசையாகப் பாடுவார்களே, அந்தச் சிறு பாட்டாவது உள்ளூர் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. அவற்றில் மிகப் பல டெக்சாஸின் டல்லாஸ் நகரில் பிறந்தவை. 1951இல் தொடங்கிய பாம்ஸ் நிறுவனமும் பின்னர் 1974இல் வந்த ஜாம் நிறுவனமும் ஒரே மெட்டில், ஒரே பாடகர் குழுவைக்கொண்டு, நிலையத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பாடிப் பதிவு செய்து நாடெங்கும் அனுப்பின. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. அந்தக் குரல்களின் அழகு அப்படிப்பட்டது.

உண்மையிலேயே எது உள்ளூர் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் நிலையம் தன் அழைப்பெழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவசர அவசரமாக, விளம்பரங்களுக்கு நடுவே சொல்வார்கள். கூர்ந்து கேளுங்கள். அழைப்பெழுத்து மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூவில் தொடங்கும், மேற்கே கேயில் தொடங்கும். 1920 நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை ஒலிபரப்பிப் புகழ்பெற்ற பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. போன்ற சில பழம்பெரும் நிலையங்கள் மட்டும் இந்த விதிக்கு முந்திய பெயரையே வைத்திருக்கின்றன. அழைப்பெழுத்து கிடைத்ததும், ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையத்தின் இணையதளத்தில் அந்த நிலையத்தின் பொதுக்கோப்பைத் திறந்து பாருங்கள். உரிமையாளர் யார், எத்தனை நிலையங்கள் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். எந்த நிலையத்தின் மேல் நம்பிக்கை வைக்கலாம் என்று நான் தீர்மானிப்பது அந்தக் கோப்பைப் பார்த்த பிறகுதான்.

பழைய பாட்டுகள் எங்கே போயின என்றீர்கள். அவை அழியவில்லை, ஓரங்களுக்குப் போயிருக்கின்றன. வானொலியின் அலைவரிசை முள்ளை ஓரத்துக்கு நகர்த்த வேண்டும்.

எஃப்.எம்.மில் 88 முதல் 92 வரையுள்ள பகுதி வணிக நோக்கமற்ற நிலையங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கல்லூரி வானொலிகள் அங்கேதான் இருக்கின்றன. விளம்பரம் இல்லை, எனவே 54 வயதுக் கணக்கும் இல்லை. வார இறுதிகளில் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் தங்கள் சொந்த இசைத்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்வார்கள். க்ளீவ்லாந்துக்கு என்று இன்னொன்று உண்டு. இங்கே குடியேறிய ஸ்லோவேனியர்களும் போலந்துக்காரர்களும் ஹங்கேரியர்களும் வளர்த்த பாட்டு, 'போல்கா' என்ற நடன இசையும் அதில் சேரும். போல்காவின் அரசர் என்று அமெரிக்கா கொண்டாடிய ஃபிராங்கி யாங்கோவிக் இந்த ஊர்க்காரர். போல்காவுக்கான முதல் கிராமி விருது 1986இல் அவருக்குத்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிய நிலையங்களில் அக்கார்டியன் ஒலி கேட்டால் தாண்டிப் போகாதீர்கள். இந்த ஊரின் மிகப் பழைய பாட்டு அதுதான்.

அடுத்து, குறைந்த சக்தி எஃப்.எம். நிலையங்கள். 2000இல் அனுமதிக்கப்பட்டு, 2011இல் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு பெருகியவை. 100 வாட்தான், ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் தெளிவாகக் கேட்காது. நடத்துவது லாபநோக்கில்லாத உள்ளூர் அமைப்புகள். நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு பாட்டு பாதியில் நுழைந்து பாதியில் மங்கிவிட்டால் பெரும்பாலும் அப்படி ஒன்றைக் கடந்திருப்பீர்கள். அந்த அலைவரிசை எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். என் காரில் அதற்கென்று ஒரு சிறிய நோட்டு இருபது வருடமாகக் கிடக்கிறது.

சிகாகோ பக்கம் போக நேர்ந்தால் 87.7ஐத் திருப்புங்கள். எஃப்.எம். பட்டைக்கு வெளியே இருக்கும் எண் அது. தொலைக்காட்சியின் ஆறாம் அலைவரிசை ஒலி எஃப்.எம். வானொலியில் அந்த இடத்தில் விழுவதால் கிடைத்த வழி. 2015இலிருந்து மீ டிவி எஃப்.எம். அங்கே நடக்கிறது. மற்ற நிலையங்கள் சில நூறோடு நிறுத்திக்கொள்ள, இது மறந்துபோன பாடல்களை ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுத்தான் ஓடும் என்பவர்களுக்கு ஒரு நல்ல பதில்.

பிறகு ஏ.எம். இதைப் புதியவர்கள் யாரும் தொடுவதில்லை. நீங்களும் தொட்டிருக்க மாட்டீர்கள். பகலில் மேல் வளிமண்டலத்தின் 'டி' அடுக்கு, ஏ.எம். வரும் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைய, அலை இன்னும் மேலே போய் மோதித் திரும்பி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்குகிறது. அதனால்தான் பல சிறிய நிலையங்கள் மாலையில் சக்தியைக் குறைக்க வேண்டும், சில மூடியே விட வேண்டும். 50,000 வாட் பெரிய நிலையங்களுக்கு வழி விடுவதற்காக. 1960களில் சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். 890, நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. 770, எல்லைக்கு அப்பால் கனடாவின் விண்ட்சரிலிருந்து சி.கே.எல்.டபிள்யூ. 800 ஆகிய மூன்றும் இரவில் க்ளீவ்லாந்துப் பிள்ளைகளின் தலையணைக்கடியில் பாடின. டபிள்யூ.ஏ.பி.சி. 1982இலும் டபிள்யூ.எல்.எஸ். 1989இலும் பேச்சு நிலையங்களாக மாறிவிட்டன. ஆனால் 2020இல் டபிள்யூ.ஏ.பி.சி. சனிக்கிழமை இரவுக்கு மீண்டும் பாட்டைக் கொண்டுவந்தது. கொண்டுவந்தவர், 2005இல் வெளியே அனுப்பப்பட்ட அதே கசின் புரூஸி. நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். 650 இன்னும் 'கன்ட்ரி' என்ற வகைப் பழைய பாட்டை விடவில்லை. 1925இல் தொடங்கிய அதன் வார இறுதி மேடை நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. குளிர்கால இரவில், மின்கம்பிகள் இல்லாத சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு 650க்குத் திருப்புங்கள். ஒலி அலைபோல ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தோடு கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் நினைவில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: புதிய மின்சாரக் கார்கள் பலவற்றில் ஏ.எம். இல்லை, மோட்டாரின் இரைச்சல் அதில் குறுக்கிடுகிறது என்பது உற்பத்தியாளர்கள் சொல்லும் காரணம். எல்லா வாகனத்திலும் அது இருக்க வேண்டும் என்று 2023இல் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள். கார் மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணம் போகும் ஊரிலெல்லாம் முதல் நாள் இதைச் செய்யுங்கள் என்பேன், ஏனென்றால் ஊருக்கு ஊர் 'பழைய பாட்டு' வேறு. சிகாகோவின் கறுப்பின நேயர்கள் தங்கள் பழைய பாடல்களை 'டஸ்டீஸ்' என்பார்கள், தூசி படிந்த இசைத்தட்டுகள் என்ற பொருளில். ஹெர்ப் கென்ட் அந்தச் சொல்லோடு ஒன்றாகிப்போனவர். 2016இல் 88 வயதில் மறைந்தார், மறைந்த நாள் காலையில்கூட நிகழ்ச்சி நடத்திவிட்டுத்தான் போனார். பிலடெல்ஃபியாவில் ஜெர்ரி பிளேவட் 2023இல் மறையும்வரை, வேறெந்த ஊரிலும் புகழ்பெறாத பாட்டுகளைத் தன் ஊரின் சொத்தாக்கி வைத்திருந்தார். கரோலினாக் கடற்கரைப் பகுதியில் 'பீச் மியூசிக்' என்று ஒரு தனி வகை, அதற்கென்று 'ஷாக்' என்ற நடனம். தென் கரோலினா 1984இல் அதை மாநில நடனமாகவே அறிவித்தது. லூசியானாவின் தெற்கில் 'ஸ்வாம்ப் பாப்'. இவை எதுவும் தேசியச் சோதனையில் தேறாது. அந்தந்த ஊரில் கல்யாண வீட்டில் இதுதான் ஒலிக்கும்.

இந்த வாரமே தொடங்குவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுங்கள். 88க்கும் 92க்கும் நடுவே ஒவ்வொரு எண்ணிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்; முள் கீறும் ஒலி கேட்டால் அது வினைல் தட்டு, அங்கேயே இருங்கள். பாட்டு முடிந்ததும் தொலைபேசி எண்ணைச் சொல்வார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி அழையுங்கள். எடுப்பவர் உதவியாளராக இருக்க மாட்டார், நிகழ்ச்சி நடத்துபவரேதான். பாடகர் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மெட்டை முனகிக் காட்டினால் போதும்; என்னிடம் அப்படி முனகியவர்கள் நிறையப் பேர், பாதிக்கு மேல் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். எந்தத் தெருவிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்பார். சொல்லுங்கள்.